விஷயத்துக்கு மீறி கோபம் வருகிறதா?

குன்னூர் மார்கழிக் குளிரில் குல்லாவை மாட்டிவிட்டால், இரண்டு வயசுப் பிள்ளை பிடுங்கி எறியும். சுள்ளென்று கோபம் வரும். விஷயத்துக்கு மீறிய கோபமாகத் தோன்றினால், 'சின்ன வயசில் நான் அடம்பிடித்தபோது வீட்டில் என்ன செய்தார்கள்?' என்று யோசியுங்கள். அதை அக்காவிடமோ கணவரிடமோ மனம்விட்டுச் சொல்லுங்கள்.

இது வெறும் ஆறுதலுக்கு அல்ல. உளவியலாளர் மேரி மெயினும் சகாக்களும் 1980களில் பெற்றோரிடம் அவர்களுடைய பிள்ளைப்பருவத்தைப் பற்றிக் கேட்டு ஆராய்ந்தார்கள். கஷ்டப்பட்டு வளர்ந்திருந்தாலும், அதை மழுப்பாமல் கோர்வையாகச் சொல்ல முடிந்த தாய்மாரிடம் குழந்தைகள் பெரும்பாலும் பாதுகாப்பாக உணர்ந்தார்கள்.

சரி, கத்தியே விட்டீர்களா? பிள்ளை உயரத்துக்குக் குனிந்து, "அம்மா சத்தம் போட்டுட்டேன், பயந்துட்டியா?" என்று கேட்டு அணைத்துக்கொள்ளுங்கள். கொழுந்து பறித்துக் களைத்து வரும் சாயங்காலங்களில்தான் இது அதிகம் தேவைப்படும்.