பழைய ஹாக்கி கார்டு வாங்கும்போது ஓரத்தில் ஏமாறாதீர்கள்

ஐஸ் ஹாக்கி வீரர்களின் படம் அச்சிட்ட, சேர்த்து வைக்கும் கார்டுகளைப் பற்றித்தான் பேச்சு. ஈரக் கையோடு தொடாதே, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டாதே என்பதையெல்லாம் எழுதப்போவதில்லை. அது யாருக்கும் தெரிந்ததுதான். நாங்கள் பழைய காலத்தில் எங்கே காசைத் தொலைத்தோமோ, புதிதாகச் சேர்க்க வருகிறவர்களும் சரியாக அங்கேயே போய்த் தொலைக்கிறார்கள். கார்டு ஷோக்களில் அதைப் பார்த்துப் பார்த்து வந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

வழவழப்பான ஓரத்துக்கு மயங்குவது

ஓ-பீ-சீ, கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் லண்டன் என்ற ஊரில் இருந்த பபிள்கம் கம்பெனி. அமெரிக்காவின் டாப்ஸ் கம்பெனி கார்டுகளின் அதே வடிவமைப்பைக் கனடாவுக்காக அச்சிட்டார்கள். தாளை வெட்டியதில் மட்டும் அவ்வளவு நேர்த்தி கிடையாது, பல கார்டுகளின் ஓரம் நார் நாராகப் பிசிறு தட்டியிருக்கும். இதை ரஃப் கட் என்போம். அது சேதமில்லை, கார்டு ஆலையிலிருந்து வந்ததே அப்படித்தான். புதியவர்கள் இதைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்துவிட்டு, பக்கத்தில் கத்தி போல நேராக இருக்கும் இன்னொன்றைக் கூடுதல் காசு கொடுத்து எடுக்கிறார்கள். பழைய கார்டில் ஓரம் அவ்வளவு நேராக இருந்தால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும்.

ஒரு ஷோவில் ஒரு தம்பி ஐஸ் ஹாக்கி நட்சத்திரம் வெயின் கிரெட்ஸ்கியின் 1979-80 ஓ-பீ-சீ ரூக்கி கார்டை (வீரரின் முதல் கார்டு), 18ஆம் எண், பெருமையாக நீட்டினான். "அண்ணா, ஓரம் எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்க." நீல பார்டர் வைத்த கார்டு அது, கொஞ்சம் உரசினாலும் வெள்ளை எட்டிப் பார்க்கும். இதில் ஒரு புள்ளி வெள்ளைகூட இல்லை. ஆனால் முன்பக்கத்தில் மெழுகுக் கறை, நடுவில் மெல்லிய மடிப்பு. உடம்பெல்லாம் அடிபட்ட கார்டுக்கு மூலை மட்டும் ஊசி மாதிரி எப்படி இருக்கும்? நான் எப்போதும் அதே வருடத்து மலிவான கார்டு ஒன்றைப் பையில் வைத்திருப்பேன். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தோம். உயரத்தில் மயிரிழை குறைந்தது. பக்கவாட்டில் திருப்பி லூப் என்ற சிறிய பூதக்கண்ணாடியில் பார்த்தால் மூன்று ஓரம் வயதாகிப் பழுப்பேறி இருக்கிறது, மேல் ஓரம் மட்டும் பளிச்சென்று வெள்ளை. யாரோ பிளேடு போட்டிருக்கிறார்கள். விற்றவர் மேசையைச் சுருட்டிக்கொண்டு எப்போதோ கிளம்பிவிட்டார். கிரேடிங்குக்கு, அதாவது கார்டின் தரத்தைச் சோதித்து 10 வரை எண் கொடுக்கும் கம்பெனிக்கு, அனுப்பினாலும் ஓரம் வெட்டிய கார்டுக்கு எண் கொடுக்க மாட்டார்கள், மாற்றப்பட்டது என்று எழுதித் திருப்புவார்கள், போட்ட காசில் பெரும்பகுதி அப்போதே போய்விடும்.

ஆலையிலேயே கொஞ்சம் சிறிதாக வெட்டுப்பட்ட கார்டும் உண்டு, சுத்தமான ஓரம் உள்ள ஓ-பீ-சீயும் உண்டு. அதனால் ஒரே ஓர் அடையாளத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். அளவு, ஓரத்தின் நிறம், மூலைக்கும் மேற்பரப்புக்கும் உள்ள பொருத்தம், மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். பாபி ஓர் (Bobby Orr) என்ற வீரரின் ரூக்கி கார்டு வரும் 1966-67 டாப்ஸ் மாதிரி பழுப்பு பார்டர் வரிசைகளில் இன்னொரு வேலையும் நடக்கும்: வெள்ளை தெரிந்த இடத்தில் ஸ்கெட்ச் பேனாவால் பூசிவிடுவார்கள். முன்பக்கம் பார்த்தால் தெரியாது, ஓரத்தில் மை ஊறியிருக்கும்.

வேடிக்கை என்னவென்றால் கிரெட்ஸ்கியே இப்படி ஒரு கார்டை வாங்கியவர்தான். 1991இல் அவரும் லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸ் அணியின் அப்போதைய உரிமையாளர் புரூஸ் மெக்னாலும் சேர்ந்து ஹோனஸ் வாக்னர் பேஸ்பால் கார்டை 4,51,000 டாலருக்கு ஏலத்தில் எடுத்தார்கள். கிரேடிங் கம்பெனியான பிஎஸ்ஏ அதற்கு 8 கொடுத்தது. அதன் ஓரத்தை வெட்டியது தான்தான் என்று வியாபாரி பில் மாஸ்ட்ரோ 2013இல் ஒப்புக்கொண்டார். இடையில் 2007இலேயே அந்தக் கார்டு 28 லட்சம் டாலருக்குக் கைமாறியிருந்தது. அது உலகமே பெயர் சொல்லும் கார்டு, தப்பித்துவிட்டது. உங்கள் கார்டு தப்பிக்காது.

டாப்ஸா ஓ-பீ-சீயா என்று பார்க்காமல் வாங்குவது

முன்பக்க வடிவமைப்பு ஒன்றுதான், பின்பக்கத்தில் பிரெஞ்சு இருந்தால்தான் அந்த 79-80 கார்டு ஓ-பீ-சீ.

செய்தியில் வந்த விலையை நம்புவது

பிஎஸ்ஏ 10 வாங்கிய ஓ-பீ-சீ கிரெட்ஸ்கி 2020 டிசம்பரில் 12.9 லட்சம் டாலருக்குப் போனது. 2021 மே மாதம் அதே தரத்துக்கு 37.5 லட்சம். இதைப் படித்துவிட்டு மடிப்பு விழுந்த கார்டோடு வந்து பேரம் பேசுகிறார்கள். அந்த 10 மொத்தமே இரண்டு கார்டுக்குத்தான் கிடைத்திருந்தது. விலை பேசியது அந்த எண்ணுக்கு, கிரெட்ஸ்கியின் முகத்துக்கு இல்லை. 2024இல் கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் கிடைத்த பிரிக்காத 79-80 பெட்டி, உள்ளே பத்தாயிரத்துக்கு மேல் கார்டுகள், 37 லட்சம் டாலரைத் தாண்டியதும் மறுபடி எல்லாரும் பரணில் ஏறித் தேட ஆரம்பித்தார்கள். விற்பவர் கேட்கும் விலையை விடுங்கள், அதே தரத்துக் கார்டு கடைசியாக எவ்வளவுக்கு விற்று முடிந்தது என்பதை மட்டும் தேடுங்கள். வீட்டுப் பெரியவர்கள் வைத்திருந்த கார்டு என்றால் அந்த விலையைப் பார்த்ததும் மனம் வலிக்கும்தான், என்ன செய்வது.

செக்லிஸ்ட் கார்டில் பென்சில் குறியை அழிப்பது

ஒரு வரிசையில் உள்ள கார்டுகளின் பட்டியல் அச்சிட்ட கார்டு அது, கையில் இருப்பதைப் பென்சிலால் குறிப்பார்கள். அழிக்க வேண்டாம். ரப்பர் தேய்த்த இடம் சாய்வான வெளிச்சத்தில் குறியைவிடப் பெரிதாகத் தெரியும்.

1990-91 பெட்டிகள்

அப்பர் டெக், புரோ செட், ஸ்கோர் என்று கார்டு கம்பெனிகள் எல்லாரும் அச்சடித்துத் தள்ளிய வருடம். பெட்டி பிரிக்காமல் இருக்கிறதே என்று பழைய கார்டு விலை கொடுக்காதீர்கள். பிரித்துப் பார்க்கும் ஆசைக்கு வாங்குங்கள், போதும்.