ஃபைப்ரோமயால்ஜியா: வலி எதனால ஏறுதுன்னு ஒருவழியா பிடிபட்டுச்சு

எனக்கு ஃபைப்ரோமயால்ஜியா, அதாவது உடம்பு பூரா நாள்பட்ட வலி, தோள்ல ஆரம்பிச்சு இடுப்பு, தொடைன்னு இடம் மாறிட்டே இருக்கும், ராத்திரி முழுக்க தூங்கினாலும் காலைல அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கும், சட்டை காலர் உரசினாலே எரியும். ஈஎஸ்ஆர், சிஆர்பி (உடம்புல வீக்கம் இருக்கான்னு பாக்கிற ரத்த டெஸ்ட்), தைராய்டு எல்லாமே நார்மல். ஐபுப்ரோஃபென்ங்கிற வலி மாத்திரைக்கும் கேக்கல, ஏன்னா இதுல வீக்கம் கிடையாது, நரம்பு மண்டலம் வலி சிக்னலை பெருசாக்கிக் காட்டுது. முழு ரெஸ்ட் எடுத்துப் பாத்தேன், இன்னும் இறுகிப் போச்சு.

அப்புறம் வலியையும் செஞ்ச வேலையையும் பக்கத்து பக்கத்துல எழுதி வெச்சேன். அதுலதான் சிக்குச்சு: வேலை செஞ்ச அன்னிக்கு வலி ஏறல, மறுநாளோ அதுக்கடுத்த நாளோதான் ஏறுது. இன்னிக்கு நல்லா இருக்கேன்னு வீட்டையே புரட்டிப் போட்ட நாளுக்கு அப்புறம்தான் படுக்கை. வலிக்கிற அன்னிக்கு மட்டும் காரணம் தேடினா இது கண்ணுல படவே படாது.

இப்ப டைமர் வெச்சு, வலி வர்றதுக்கு முன்னாடியே நிறுத்திடறேன், நல்ல நாளா இருந்தாலும் அதே அளவுதான். நடையும் சில நிமிஷத்துல ஆரம்பிச்சு மெதுவா கூட்டினேன், எழுந்திருக்கிற நேரமும் தினம் ஒண்ணுதான். வலி முழுசா போகல, ஆனா படுத்த படுக்கையா கிடக்கிறது ரொம்பக் குறைஞ்சுடுச்சு, அப்பாடா. டாக்டர் கொடுத்த ராத்திரி மாத்திரையை மட்டும் நீங்களா நிறுத்திடாதீங்க.