ஆயுத பூஜை மேடைக்கு அலுவலக நாடகம் எழுதும் முறை

இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்துத் தோல், காலணித் தொழிற்சாலைகளிலும் வேலூர் நகரத்து அலுவலகங்களிலும் மேலாளரும் கடைநிலை ஊழியரும் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரே வரிசையில் நிற்கும் நாள் ஆயுத பூஜை. இயந்திரங்களுக்கும் கணினிகளுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்து, பூசணிக்காய் உடைத்து, பொரி கடலை கொடுப்பதற்கு முன்னால் ஊழியர்கள் பாடவும் நடிக்கவும் சிறிது நேரம் ஒதுக்கும் வழக்கம் சில நிறுவனங்களில் உண்டு. வேறு சிலவற்றில் அது ஆண்டு விழாவில் கிடைக்கும். நிர்வாகத்தின் குளறுபடிகளை அதன் முகத்துக்கு நேராக, எவர் வேலைக்கும் ஆபத்தில்லாமல் சொல்வதற்கு அந்தக் கால்மணி நேரத்தைப் போல் வேறொரு வாய்ப்பு அமைவது கடினம். அதை வீணாக்காமல் பயன்படுத்த நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

இதற்கான முன்மாதிரி நம் மண்ணிலேயே இருக்கிறது. 1989-இல் பிரிக்கப்படும் வரை செய்யாறு பக்கத்துப் புரிசையும் வட ஆற்காட்டு மாவட்டத்தில்தான் இருந்தது. தெருக்கூத்து என்றாலே நினைவுக்கு வரும் ஊர்களில் அது முதன்மையானது. கூத்தில் கட்டியங்காரன் என்றொரு பாத்திரம் உண்டு. திரைக்குப் பின்னால் நிற்கும் மன்னனின் புகழை உரக்க அறிவிப்பவன் அவனே. மன்னன் வெளியே வந்ததும் நீர் யார், எந்த நாடு, எதற்காக வந்தீர் என்று துருவித் துருவிக் கேட்பவனும் அவனே. மன்னன் பாட்டிலும் செந்தமிழ் வசனத்திலும் பேச, இவன் எதிரே உட்கார்ந்திருக்கும் ஊராரின் பேச்சிலேயே பேசுவான். அவன் வேலைக்காரன் என்பதால் எதிர்த்துப் பேச முடியாது. சொன்னதைச் செய்துகொண்டே கேள்வி மட்டும் கேட்கலாம். உங்கள் நாடகத்தில் ஆணையிடும் மேலாளர் ஒருவரும், ‘சரிங்க சார்’ என்று தொடங்கிச் சந்தேகம் கேட்கும் அலுவலக உதவியாளர் ஒருவரும் இருந்தால் போதும். மூன்றாவது பாத்திரம் தேவையா என்பதைக் கடைசியில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

எழுத உட்காருவதற்கு ஒரு மாதம் முன்பே பொருள் சேர்க்கத் தொடங்க வேண்டும். அறிவிப்புப் பலகையில் ஒட்டிய சுற்றறிக்கை, வாட்ஸ்அப் குழுவில் வந்த ஆணை, கூட்டத்தில் சொல்லப்பட்ட வாக்கியம் ஆகியவற்றைச் சொல் மாறாமல் குறித்து வையுங்கள், ஏனெனில் நாம் கற்பனை செய்யும் ஆணையைவிட உண்மையில் வந்த ஆணையே பெரும்பாலும் சிரிப்பை வரவழைக்கும். மேலாளர் நடக்கும் விதம், அவர் வழுக்கை, அவர் ஊர்ப் பேச்சு, அவர் ஆங்கில உச்சரிப்பு ஆகிய எதையும் குறிக்காதீர்கள். எடுத்துக்கொண்ட பொருள் சரியானதுதானா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு: அந்த மேலாளர் நாளைக்கே ஓசூருக்கு மாற்றலாகிப் போய்விட்டாலும் இந்தக் காட்சி நிற்குமா? நிற்கும் என்றால் நீங்கள் நிர்வாகத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நிற்காது என்றால் ஓர் ஆளைக் கேலி செய்திருக்கிறீர்கள். அதைக் கிழித்துப் போடுங்கள். நகை பிறக்கும் இடங்கள் நான்கு என்று வகுத்த தொல்காப்பியம் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று அவற்றை வரிசைப்படுத்துகிறது. அலுவலக நாடகம் எழுதுவோர் பெரும்பாலும் முதலாவதோடு நின்றுவிடுகிறார்கள். கடைசியாக வரும் மடன், அதாவது ஒருமுறை பிடித்துக்கொண்டதைத் தவறென்று தெரிந்த பிறகும் விடாத குணத்திலிருந்து பிறக்கும் சிரிப்புக்குத்தான் நிர்வாகம் அள்ள அள்ளக் குறையாத விளைநிலம்.

அடுத்ததாக, அந்தக் குளறுபடி ஏன் நேர்கிறது என்பதை எழுதுபவர் புரிந்துகொள்ள வேண்டும். காரணம் தெரியாமல் எழுதினால் மேலாளர் வெறும் முட்டாளாகத் தெரிவார், முட்டாளைப் பார்த்து இரண்டு நிமிடத்துக்கு மேல் யாரும் சிரிக்க மாட்டார்கள். ஒரு படிநிலையில் நன்றாக வேலை செய்கிறவர்களை மேலே மேலே ஏற்றிக்கொண்டே போனால், தமக்குச் செய்யத் தெரியாத வேலை வரும் இடத்தில் ஒவ்வொருவரும் நின்றுவிடுவார்கள் என்று லாரன்ஸ் பீட்டரும் ரேமண்ட் ஹல்லும் 1969-இல் எழுதினார்கள். தோலை விரலால் தடவிப் பார்த்தே தரம் சொல்லிவிடும் ஒருவரை, அந்தத் திறமைக்குப் பரிசாக, தோலையே தொடத் தேவையில்லாத நாற்காலியில் உட்கார வைத்து வருகைப் பதிவைக் கவனிக்கச் சொல்வதை நம் தொழிற்சாலைகளில் பார்க்கலாம். அவர் கெட்டவர் இல்லை. அந்த நாற்காலியில் அவருக்குத் தெரிந்த வேலை எதுவும் இல்லை, அதனால் ஆணை போடுகிறார். இன்னொரு காரணத்தை நார்த்கோட் பார்கின்சன் 1955-இல் எண்களோடு காட்டினார். 1914-க்கும் 1928-க்கும் இடையில் பிரிட்டிஷ் கடற்படையின் பெரிய போர்க்கப்பல்கள் 62-இலிருந்து 20-ஆகக் குறைந்தன; அதே காலத்தில் கடற்படைத் தலைமை அலுவலகத்தின் அதிகாரிகளோ 2,000-இலிருந்து 3,569-ஆகப் பெருகினார்கள். கப்பல் குறையக் குறைய அலுவலகம் வளர்ந்தது. ஓர் ஆணை தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இன்னோர் ஆணையைப் பெற்றெடுப்பதே அலுவலக நாடகத்தின் கதைப்போக்கு. அதைப் பிடித்துக்கொண்டால் காட்சி தானாக நகரும்.

ஒரு காட்சியை முழுமையாகப் பார்ப்போம். தோல் பதனிடும் பிரிவில் உப்பிலும் சுண்ணாம்பிலும் ஆண்டுக்கணக்காகக் கை வைத்தவர்களுக்கு விரல் ரேகை தேய்ந்திருக்கும்; வருகைப் பதிவுக் கருவி அவர்களை அடையாளம் காணாது. இந்த ஒரு செய்தி போதும். மேலாளர் வந்து நிற்கிறார்.

“இன்று முதல் அனைவரும் கருவியில் விரல் வைத்த பிறகே உள்ளே வர வேண்டும். இதனால் நேரம் மிச்சமாகும்.”

“சரிங்க சார். ஆளுக்கு எவ்ளோ மிச்சமாவும் சார்?”

“ஐந்து வினாடி.”

“சரிங்க சார். முனுசாமி அண்ணன் காலையிலருந்து வெரல் வச்சிக்கினே கீறாரு. மிசினு எடுக்கவே மாட்டேங்குது.”

“விரல் பதியாதவர்களுக்குத் தனிப் பதிவேடு ஒன்று போடு.”

“சரிங்க சார். அதுல எழுதுறவங்களுக்கு நெசமாவே வெரல் பதியலன்னு எப்படி சார் தெரியும்?”

“அதற்கு ஒரு சான்று வாங்கி வரட்டும்.”

“சரிங்க சார். யாராண்ட வாங்கணும்?”

“என்னிடம்தான்.”

“உங்களாண்ட வரணும்னா உள்ள வரணுமே சார். உள்ள வரணும்னா வெரல் வைக்கணுமே.”

இங்கே மேலாளர் பேசாமல் நிற்க வேண்டும். அவையோர் சிரித்து முடிக்கும் வரை நிற்க வேண்டும். பிறகு, நல்ல யோசனை கிடைத்துவிட்ட மகிழ்ச்சியோடு சொல்கிறார்: “வாசலிலேயே எனக்கு ஒரு மேசை போடு. வருகிறவர்களின் பெயரை நானே எழுதிக்கொள்கிறேன்.”

“சரிங்க சார். நம்ம வாட்ச்மேன் தாத்தா இத்தினி வருசமா அப்படித்தான் சார் எழுதிக்கினு இருந்தாரு.”

இதில் மேலாளர் எங்கும் இழிவுபடுத்தப்படவில்லை. அவருடைய ஆணைகளைத் தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் நியாயமாகவே தோன்றும். எல்லாம் சேரும்போதுதான் வேலை புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து நிற்கிறது. உதவியாளர் ஒரு வாக்கியத்திலும் கருத்துச் சொல்வதில்லை, தகவல் மட்டும் கேட்கிறார். ஒத்திகையின்போது யாராவது ஒருவர், ‘இதுக்குத்தான் இவருக்கு இவ்ளோ சம்பளமா’ என்று ஒரு வரி சேர்க்கலாம் என்பார். எல்லாரும் கைதட்டினாலும் அந்த வரியை அடித்துவிடுங்கள். அவையோர் தாங்களே எட்டிப் பிடிக்க வேண்டிய முடிவை நடிகர் முந்திக்கொண்டு சொன்னால் சிரிப்பு பாதியில் அறுந்துபோகும், மேடைக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் மேலாளரும் அந்த நொடியிலிருந்து தம்மைக் காத்துக்கொள்ளத் தொடங்கிவிடுவார்.

வாட்ஸ்அப் குழுவைக் காட்சியாக்குவது இதைவிட எளிது. எல்லா நடிகர்களையும் வரிசையாக நிற்க வையுங்கள். இரவு ஒன்பதரை மணிக்கு மேலாளர் ஏதோ சொல்ல, ஒவ்வொருவரும் ‘ஓகே சார்’ என்று சொல்லிக்கொண்டே போக, கடைசி ஆள் மட்டும் ‘ஓகே சார், என்ன வேலை சார்?’ என்று கேட்டால் காட்சி முடிந்தது.

மேடையில் ஏறக்கூடாத பொருள்களும் உண்டு, இதில் நான் சிறிதும் விட்டுக்கொடுக்க மாட்டேன். மிகைநேரக் கூலி தராதது, வருங்கால வைப்பு நிதியைக் கட்டாதது, கையுறை தராமல் இரசாயனத்தில் கை வைக்கச் சொல்வது, பெண்களிடம் அத்துமீறுவது ஆகிய எதையும் நகைச்சுவையாக்காதீர்கள். கைதட்டல் கிடைத்துவிட்டால், சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டோம் என்ற நிறைவு எல்லாருக்கும் வந்துவிடும்; எழுதப்பட வேண்டிய புகார் அதோடு கரைந்துவிடும். பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடங்களில் பாலியல் துன்புறுத்தலை விசாரிக்க உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். தொழிற்சாலையின் பாதுகாப்புக் குறைகளைத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்திடம் கொண்டு செல்லலாம். ஊழியரின் உடம்பையும் நம்பிக்கையையும் தொடும் ஆணை எவ்வளவு அசட்டுத்தனமாகத் தோன்றினாலும் அது சிரிக்கிற பொருளாகாது என்பதை வேலூரில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. புதிய தலைப்பாகை அணிய வேண்டும், நெற்றியில் குறி இடக்கூடாது என்ற ஆணையை மறுத்த சிப்பாய்களுக்குச் சாட்டையடி கொடுத்த நிர்வாகம், 1806 ஜூலை 10 அன்று கோட்டைக்குள் இரத்தம் சிந்திய பிறகே அந்த ஆணையைத் திரும்பப் பெற்றது.

மேலாளர் வேடத்தை அவருக்கு நேர்கீழே வேலை செய்பவரிடம் கொடுக்காதீர்கள். எவ்வளவு நன்றாக நடித்தாலும் அது சொந்தக் கணக்குத் தீர்ப்பதாகவே பார்க்கப்படும். வேறு பிரிவிலிருந்து ஒருவரை, முடிந்தால் ஒரு பெண்ணை, நடிக்க வையுங்கள். உண்மையான மேலாளரின் உடையோ கண்ணாடியோ வேண்டாம். மேலாளர் சுற்றறிக்கைத் தமிழிலும் உதவியாளர் நம் ஊர்ப் பேச்சிலும் பேசுவதை எங்கும் குழப்பாதீர்கள், பாதிச் சிரிப்பு அந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. மனிதவளப் பிரிவினரிடம் நாடகத்தின் பொருள் என்ன என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஆனால் வசனத்தைக் காட்ட வேண்டாம். நாடகம் முடிந்த பின் மேலாளர் வந்து அந்தக் கருவியைப் பற்றி விசாரித்தால், எத்தனை பேருக்கு ரேகை பதிவதில்லை என்ற பட்டியல் உங்கள் சட்டைப்பையில் தயாராக இருக்கட்டும். அவர் கேட்கும்போதே அதைக் கொடுத்துவிட வேண்டும், மறுநாள் விடுமுறை.

நேரம் பன்னிரண்டு நிமிடத்தைத் தாண்டக் கூடாது. பொரிப் பொட்டலம் கைக்கு வந்துவிட்டால் ஆற்காட்டுக்கும் வாலாஜாவுக்கும் போகிறவர்கள் நிறுவனப் பேருந்தில் இடம் பிடிக்கக் கிளம்பிவிடுவார்கள், ஆகவே பூசணிக்காய் உடைத்த கையோடு நாடகத்தைத் தொடங்கிவிடுங்கள்.