எலும்பு இழப்பு ஆய்வு: எலியின் வயதில் தொடங்கும் தவறுகள்

புதிதாக வரும் மாணவர்களின் ஆய்வுத் திட்டத்தைக் கையில் வாங்கியதும் நான் தேடுவது ஒன்றைத்தான்: எலிக்கு எத்தனை மாதம்? பெரும்பாலும் 3 என்றே இருக்கும். ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் எழுதினேன்.

வளரும் எலியில் இழப்பைத் தேடுவது

மாதவிடாய் நின்றபின் வரும் எலும்பு இழப்பை ஆராய, பெண் எலியின் இரண்டு சினைப்பைகளையும் அகற்றுகிறோம். சினைப்பை சுரக்கும் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் எலும்பு அரிபடும் வேகம் கூடுகிறது. புதிதாகக் கட்டுவது அதற்கு ஈடுகொடுப்பதில்லை. சரி. ஆனால் 3 மாத எலி குட்டி போடும் பருவத்தை எட்டியிருந்தாலும், அதன் எலும்பு இன்னும் வளர்ந்துகொண்டுதான் இருக்கும். உச்ச எலும்பு நிறையை அது எட்டுவது சுமார் 10 மாதத்தில்.

12 வாரம் கழித்து என் எலிகளின் கீழ்க்கால் எலும்பை மைக்ரோ சி.டி.யில், அதாவது எலும்பின் நுண்ணமைப்பைக் காட்டும் எக்ஸ்ரே படத்தில், பார்த்தேன். போலி அறுவை செய்த (வயிற்றைத் திறந்து, சினைப்பையை எடுக்காமலே மூடிய) எலியில் வளர்ச்சித் தட்டுக்கு, அதாவது எலும்பு நீளும் இடத்துக்கு, கீழே துளைகள் நிறைந்த பஞ்செலும்பு வலை பின்னியதுபோல் நெருக்கமாக இருந்தது. சினைப்பை நீக்கிய எலியிலோ மஜ்ஜைக் குழி வெறிச்சோடிக் கிடந்தது. ஓரத்தில் சில துணுக்குகள் மட்டும். இழப்பு தெளிவாகத் தெரிகிறது என்று நம்பினேன். மூத்த ஆய்வாளர் ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இருந்தது போனதா, வரவேண்டியது வராமல் நின்றதா?"

என்னிடம் பதில் இல்லை. அறுவை நாளன்றே ஒரு குழுவின் எலும்பை அளந்திருந்தால் சொல்லியிருக்கலாம். அந்தத் தொடக்கக் குழுவை நான் வைக்கவேயில்லை. நான் சோதித்த மருந்து இழப்பைத் தடுத்ததா, வளர்ச்சியைத் தூண்டியதா என்பதும் அதனாலேயே தெரியாமல் போனது. ஓராண்டு உழைப்பு, அத்தனை உயிர்கள். இன்றும் யாராவது "எல்லாரும் 3 மாத எலிதானே எடுக்கிறார்கள்" என்றால் எனக்குக் கோபம் வருகிறது. 6 மாதமாவது நிறைந்த எலியை எடுங்கள், தொடக்கக் குழுவையும் வையுங்கள். செலவும் காத்திருப்பும் கூடத்தான் செய்யும்.

கருப்பையை எடை போடாதது

சினைப்பைத் துணுக்கு ஒன்று உள்ளே தங்கினாலும் ஈஸ்ட்ரோஜன் சுரக்கும். முழுதாக நீங்கியிருந்தால் கருப்பை நூல்போல் மெலிந்திருக்கும். ஒவ்வொரு எலியின் கருப்பையையும் எடை போட்டுக் குறித்துவையுங்கள்.

அவசரப்பட்டு முதுகெலும்பைப் பார்ப்பது

கீழ்க்கால் எலும்பின் மேல்முனையில் அறுவைக்குப் பின் 2 வாரத்திலேயே இழப்பு தெரியும். இடுப்புப் பகுதி முதுகெலும்புக்கு 2 மாதம் ஆகும்.

சோயா கலந்த தீவனம்

வேண்டாம். அதில் ஈஸ்ட்ரோஜன்போல் செயல்படும் பொருள்கள் உண்டு.

புறணி எலும்புக்கும் எலியையே எடுப்பது

மனிதப் புறணி எலும்பில், அதாவது கெட்டியான வெளியடுக்கில், நடக்கும் ஹாவர்ஸியன் மறுசீரமைப்பு (உள்ளே ஓடும் இரத்தக் குழாய்களைச் சுற்றிப் பழைய எலும்பு நீங்கிப் புதியது கட்டப்படுவது) எலியில் மிகக் குறைவு. உங்கள் கேள்வி அதைப் பற்றியது என்றால் முயலையோ செம்மறியாட்டையோ யோசியுங்கள்.