பாங்காக்கில் தனியாக ஒரு நாள்: ஆற்றோடு போய்ச் சுற்றும் வழி

பாங்காக்குக்கு முதல் தடவை போகிறவர்கள் மேப்பில் பதினைந்து இடங்களைக் குறித்துக்கொண்டு டாக்ஸி ஏறிவிடுகிறார்கள். பாதி நாள் சிக்னலிலேயே போய்விடும். முதல் நாளில் பார்க்க வேண்டிய மூன்று பெரிய இடங்களும் (பழைய அரச அரண்மனை, வாட் போ, வாட் அருண்; 'வாட்' என்றால் கோயில்) சாவ் பிரயா ஆற்றங்கரையில் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கின்றன. படகில் போங்கள், நடந்து சுற்றுங்கள், மெட்ரோவில் திரும்புங்கள். தனியாகப் போகிறவருக்கு இதைவிடச் செலவு குறைந்த, பேரம் இல்லாத வழி கிடையாது.

முந்தின இரவே

தோளும் முழங்காலும் மூடும் உடை எடுத்து வையுங்கள். அரை டிரவுசர், கையில்லாத சட்டை போட்டிருந்தால் அரண்மனை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். சட்டென்று கழற்றி மாட்டும் செருப்பு நல்லது. டிக்கெட்டுக்கு மட்டுமே சுமார் 1,000 பாட் (தாய்லாந்துப் பணம்) ஆகும்: அரண்மனை 500, வாட் போ 300, வாட் அருண் 200. ஏடிஎம்மில் வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு தடவையும் 200 பாட்டுக்கு மேல் பிடிப்பார்கள், அதனால் பணத்தை ஒரேயடியாக எடுத்துவிடுங்கள்.

படி 1: ஆரஞ்சுக் கொடிப் படகு

காலை ஏழரைக்குள் பிடிஎஸ் என்ற மேம்பால ரயிலில் சபான் தக்சின் நிலையத்தில் இறங்குங்கள். கீழேயே படகுத்துறை. சுற்றுலாப் படகுக்கு நாள் முழுவதற்குமான பாஸ் வாங்கச் சொல்வார்கள். அது நீலக் கொடி, நமக்கு வேண்டாம். உள்ளூர்க்காரர்கள் ஏறும் ஆரஞ்சுக் கொடிப் படகில் இருபது பாட்டுக்குள் வேலை முடியும். கண்டக்டர் கையில் நீளமான தகர டப்பா ஒன்று இருக்கும். அதை டக் டக் என்று தட்டிக்கொண்டே வந்து, சில்லறையை உள்ளே போட்டு, டிக்கெட்டை அந்த மூடி விளிம்பிலேயே கிழித்துக் கொடுப்பார். பின்பக்கம் நிற்கும் ஆள் ஊதும் விசிலைக் கேட்டுத்தான் படகு கரையை அணைகிறது. துறையில் ரொம்ப நேரம் நிற்காது, அதனால் அரண்மனைக்கு இறங்க வேண்டிய தா சாங் துறை வருவதற்கு முன்பே எழுந்து நின்றுவிடுங்கள்.

படி 2: அரண்மனை, திறந்தவுடன்

எட்டரைக்குத் திறக்கும். போகும் வழியில் நன்றாக உடுத்திய ஒருவர் சிரித்துக்கொண்டே, "இன்று அரண்மனை மூடல், மதியம்தான் திறக்கும், அதுவரை டுக்-டுக் ஆட்டோவில் இருபது பாட்டுக்குச் சுற்றிக் காட்டுகிறேன்" என்பார். அந்த வண்டி கடைசியில் ரத்தினக்கல் கடையிலோ தையல் கடையிலோதான் போய் நிற்கும். தனியாக வருகிறவர்தான் இவர்களுக்கு வசதி. பதில் சொல்லாமல் டிக்கெட் கவுன்டர் வரை நடந்துவிடுங்கள்.

உள்ளே எல்லோரும் மரகத புத்தரைத் தேடி ஓடுவார்கள். ஜேட் கல்லில் செய்த சுமார் 66 செ.மீ. சிலை, உயரத்தில் இருக்கும். பருவத்துக்கு ஒன்றாக, ஆண்டுக்கு மூன்று தடவை அதற்கு உடை மாற்றுவார்கள். அங்கே படம் எடுக்கக் கூடாது. பார்த்துவிட்டு வெளியே வந்து, கோயிலைச் சுற்றியுள்ள மதில் மண்டபத்துக்குப் போங்கள். ராமாயணத்தின் தாய்லாந்து வடிவமான ராமகியன் 178 சுவரோவியங்களாக ஓடுகிறது. கைடு தேவையே இல்லை, கதை நமக்குத் தெரியும். தெரியாத திருப்பங்களும் உண்டு: பச்சை முகத்து ராவணனுக்கு ஒரு மச்சகன்னி மகள். சேது கட்டும்போது கல்லைத் திருட வந்த அவளிடம் அனுமன் மனதைப் பறிகொடுக்கிறார். ஒரு பிள்ளையும் பிறக்கிறது. பிரம்மச்சாரி அனுமனைக் கும்பிட்டு வளர்ந்தவர்கள் கொஞ்சம் மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். இங்கே ஒரு மணி நேரம் தாராளமாகக் கொடுக்கலாம்.

படி 3: வெயிலுக்கு வாட் போ

அரண்மனையிலிருந்து தெற்கே பத்துப் பதினைந்து நிமிட நடை. வெயில் உச்சிக்கு வரும்போது கூரைக்குக் கீழே இருப்பதுதான் புத்திசாலித்தனம். 46 மீட்டர் நீளத்துக்குப் பள்ளிகொண்டிருக்கும் புத்தரைத் தலைமாட்டிலிருந்து பார்த்துக்கொண்டே பாதத்துக்கு வாருங்கள். உள்ளங்காலில் 108 மங்கலச் சின்னங்களைச் சிப்பியில் இழைத்திருக்கிறார்கள். முதுகுப் பக்கம் 108 வெண்கலக் கிண்ணங்கள். சில்லறை வாங்கி ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு போவார்கள். அந்த ணங் ணங் சத்தம் கூடம் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கும். கால் வலித்தால் வளாகத்திலேயே பாரம்பரிய மசாஜ் பள்ளி இருக்கிறது, அரை மணி நேரம் போதும்.

படி 4: அக்கரைக்கு

எதிரே தா தியென் துறையில் ஐந்து பாட் கொடுத்தால் அக்கரை வாட் அருண். தூரத்தில் வெள்ளையாகத் தெரியும் கோபுரம், கிட்டே போனால் உடைந்த சீனப் பீங்கான் துண்டுகளால் பதித்த பூவேலை. நாலு மணிக்கு மேல் போய், இருட்டும் முன் இக்கரைக்கே திரும்பிவிடுங்கள். சூரியன் அந்தக் கோபுரத்துக்குப் பின்னால் இறங்குவது இங்கிருந்துதான் தெரியும்.

படி 5: சாப்பாடு

சனாம் சாய் மெட்ரோவில் ஏறினால் இரண்டாவது நிறுத்தம் வாட் மங்கோன். வெளியே வந்தால் யாவராட், சைனா டவுன். தள்ளுவண்டிகள் ஆறு மணிக்கு மேல்தான் களைகட்டும். பிளாஸ்டிக் ஸ்டூலில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதை இங்கே யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. சைவம் என்றால் மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து உள்ள கடையைத் தேடி, "கின் ஜே" என்று சொல்லுங்கள். முட்டையும் மீன் சாஸும் சேர்க்க மாட்டார்கள், ஆனால் பூண்டு வெங்காயமும் இருக்காது. சாப்பிட்டு முடித்ததும் அதே ஸ்டேஷனுக்கு நடந்துவிடுங்கள். நள்ளிரவு வரை ரயில் இருக்கும், டுக்-டுக்காரரிடம் பேரம் பேச வேண்டியதில்லை.