கிராமத்து பாணி சமையலறை: கருவிகள் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புது வீடு கட்டுகிறவர்களில் பலர் இப்போது சமையலறையை மட்டும் பழைய வீட்டு ஜாடையில் கேட்கிறார்கள். தரைக்கு ஆத்தங்குடி டைல், மேடைக்குக் கடப்பா கல், கதவில்லாத மர அலமாரி, அதில் வரிசையாகப் பித்தளைப் பாத்திரங்கள், மூலையில் ஒரு விறகடுப்பு. ஆசை நியாயமானதுதான். ஆனால் டைலுக்கும் மரத்துக்கும் மாதக்கணக்கில் அலைகிறவர்கள்கூட ஹாப் (மேடையில் பதிக்கும் எரிவாயு அடுப்பு), சிம்னி, ஃப்ரிட்ஜ் எல்லாவற்றையும் ஒரே ஞாயிற்றுக்கிழமை, ஒரே கடையில், செல்போனில் இருக்கும் படத்தைக் காட்டி வாங்கிவிடுகிறார்கள். தவறுகள் அங்கே தொடங்குகின்றன.

அந்தப் படங்களில் பாதி இங்கிலாந்துப் பண்ணை வீடுகளுடையவை. நடுவில் எனாமல் பூசிய வார்ப்பிரும்பு அடுப்பு ஒன்று பெரிதாக நிற்கும், பெயர் ஆகா. ஸ்வீடனைச் சேர்ந்த குஸ்டாஃப் டாலன் 1922-ல் உருவாக்கியது. அவர் 1912-ல் இயற்பியலுக்கான நோபல் பரிசு வாங்கியவர்; அதே ஆண்டு ஒரு வெடிவிபத்தில் பார்வையை இழந்தவர். பழைய ஆகா அடுப்பை அணைக்கவே மாட்டார்கள். இரவும் பகலும் சூட்டைச் சேமித்து வைத்துக்கொண்டு, சமையலோடு வீட்டுக்குள் குளிரையும் போக்கும். சித்திரை வெயிலில் மதுரையில் யாருக்கு அது தேவை? நம் கடைகளில் அதே ஜாடையில், கீழே பெரிய ‘அவன்’ (கேக், ரொட்டி சுடும் சூட்டுப்பெட்டி) வைத்த 90 செ.மீ. அடுப்புகள் கிடைக்கின்றன. வாரம் ஒரு முறையாவது கேக்கோ ரொட்டியோ சுடுகிற வீடு என்றால் வாங்கலாம். இல்லாவிட்டால் அந்த அவன் தோசைக்கல்லும் தாம்பாளமும் அடுக்கும் இடமாகத்தான் ஆகும். பல வீடுகளில் ஆகியிருக்கிறது.

பாத்திரத்தைப் பார்க்காமல் அடுப்பு வாங்குவது

கிராமத்து பாணி என்றால் மண்சட்டி, கல்சட்டி, வெண்கலப் பானை, இருப்புச்சட்டி, ஈயச்சொம்பு எல்லாம் அலமாரியில் ஏறும். கடைக்காரரோ நாலு பர்னர் கண்ணாடி ஹாப் ஒன்றையும், கூடவே ஓர் இண்டக்‌ஷன் அடுப்பையும் தலையில் கட்டப் பார்ப்பார். இண்டக்‌ஷன் அடுப்பு, காந்தம் ஒட்டும் பாத்திரத்தை மட்டுமே சூடாக்கும். மண், கல், வெண்கலம், பித்தளை, ஈயம், அலுமினியம் எதுவும் அதில் வேலைக்கு ஆகாது. இரும்பு சூடாகும், ஆனால் அடி வளைந்த இருப்புச்சட்டி தட்டையான கண்ணாடியில் உட்காராது. அவசரத்துக்குப் பால் காய்ச்ச ஓர் இண்டக்‌ஷன் இருக்கட்டும். அதையே முதல் அடுப்பாக வைத்தால் அலமாரியில் இருப்பவை வெறும் காட்சிப் பொருள்கள்தான்.

ஹாப்பில் வேறு சிக்கல்கள். 60 செ.மீ. அகலத்தில் மூன்று பர்னர் அடைத்திருப்பார்கள். ஒரு பக்கம் இட்லிக் கொப்பரை ஏறினால் பக்கத்துப் பர்னரில் டீ பாத்திரம்தான் வைக்க முடியும். பர்னரைத் தாண்டி அகலமாக நீட்டிக்கொண்டிருக்கும் உருளி, சூட்டைக் கீழே திருப்பிக் கண்ணாடியின் மேல் இறக்கும். கனமான கல்சட்டியைக் கை தவறி வைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. வீட்டிலேயே பெரிய பாத்திரங்கள் இரண்டைக் கடைக்கு எடுத்துப்போய் ஹாப்பின் மேல் வைத்துப் பாருங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை.

சிறிய பர்னர் எவ்வளவு குறைவாக எரியும் என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும். ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். உள்ளே தண்ணீரோ ரசமோ இல்லாமல் தீயில் வைக்கவே கூடாது. ஊற்றி வைத்தாலும் சிறு தீதான் வேண்டும். கல்சட்டியும் மெதுவாகச் சூடேற வேண்டிய பாத்திரம். எல்லாப் பர்னரும் பெரிதாகவே எரியும் அடுப்பு இவற்றுக்கு எமன்.

என்னைக் கேட்டால், இந்த மாதிரிச் சமையலறைக்குப் பித்தளைப் பர்னர் வைத்த சாதாரண ஸ்டீல் அடுப்பே போதும் என்பேன். ஐ.எஸ். 4246 என்ற இந்தியத் தரப்படி வீட்டு எரிவாயு அடுப்பின் வெப்பத் திறன் 68 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பழுதானால் உள்ளூர் அடுப்பு ரிப்பேர்க்காரரே சரிசெய்துவிடுவார். ஹாப்புக்குக் கம்பெனி ஆள் வர வேண்டும். சின்ன ஊராக இருந்தால் அவர் எப்போது வருவார் என்பது அவருக்கே தெரியாது.

ஸ்டீல் அடுப்பு என்று முடிவானால் மேடை உயரத்தையும் அதற்கேற்ப மாற்றுங்கள். ஹாப் மேடையோடு சமமாகப் படுத்திருக்கும். சாதாரண அடுப்பு மேடைக்கு மேல் நாலு முதல் ஆறு அங்குலம் எழும்பி நிற்கும். ஹாப்புக்குப் போட்ட 34 அங்குல மேடையில் அதை வைத்தால், உயரம் குறைந்த அம்மா எட்டிப் பார்த்துத்தான் குழம்பைக் கிளற வேண்டும். அடுப்பு வரும் இடத்தில் மட்டும் மேடையைச் சற்றுத் தாழ்த்திக் கட்டச் சொல்லலாம்.

விறகடுப்புக்கு மேலே மின்சிம்னி மாட்டுவது

இதுதான் ஆபத்தான தவறு. கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

கடையில் விற்கும் மின்சிம்னி, தாளிப்புப் புகைக்கும் எண்ணெய் ஆவிக்கும் செய்தது. விறகுப் புகையில் கரியும் தாரும் உண்டு, சில நேரம் தீப்பொறியும் உண்டு. சிம்னியின் வடிகட்டியிலும் குழாயிலும் எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருக்கும். அதில் ஒரு பொறி போய் ஒட்டினால் குழாய்க்குள்ளேயே தீப்பிடிக்கும். விறகடுப்புக்குச் செங்கல்லில் கட்டிய புகைபோக்கி தனியாக வேண்டும். அது கூரைக்கு மேலே எழும்பி நிற்க வேண்டும். இரண்டையும் ஒரே குழாயில் இணைக்கவே கூடாது.

சரி, விறகடுப்புக்குத் தனிப் புகைபோக்கியும், எரிவாயு அடுப்புக்கு மின்சிம்னியும் வைத்தாகிவிட்டது. அப்புறமும் ஒரு சிக்கல் இருக்கிறது. சக்தி வாய்ந்த மின்சிம்னி அறையிலிருந்து காற்றை உறிஞ்சி வெளியே தள்ளும்போது, அதே அளவு காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். பழைய ஓட்டு வீட்டில் ஓட்டிடுக்கு வழியாக வரும். இன்றைய கான்கிரீட் வீட்டில், ரப்பர் பட்டை போட்டு இறுக்கி மூடும் ஜன்னல்களைச் சாத்திவிட்டால், காற்று வருவதற்கு மிச்சமிருக்கும் வழி விறகடுப்பின் புகைபோக்கிதான். மேலே போக வேண்டிய புகை திரும்பி வீட்டுக்குள் இறங்கும். அதோடு கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவும் வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. விறகடுப்பும் மின்சிம்னியும் ஒரே அறையில் இருந்தால் இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டாதீர்கள். ஓட்டித்தான் ஆக வேண்டும் என்றால் ஜன்னலைத் திறந்து வையுங்கள். இதைவிட நல்ல வழி, பின்கட்டிலோ கிணற்றடிப் பக்கம் ஒரு தாழ்வாரத்திலோ விறகடுப்பை வைப்பது. நம் முன்னோர்கள் பலர் அப்படித்தான் வைத்திருந்தார்கள்.

எரிவாயு சிலிண்டரும் இங்கே கணக்கில் வரும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தரையாகப் பரவும். பழைய பாணி என்று தரை மட்டத்தில் விறகடுப்பு போட்டு, அதே அறையில் மேடைக்கடியில் சிலிண்டரையும் வைத்தால், கசிவு நேராகத் தீயைத் தேடிப் போகும். சிலிண்டரை அழகான மர அலமாரிக்குள் மறைப்பவர்கள், கதவின் அடிப்பகுதியில் காற்றோட்டத்துக்குத் துளை விட்டே ஆக வேண்டும். ரப்பர் குழாயைச் சுவருக்குள் விட்டு மறைக்கக் கூடாது. ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளம் வேண்டாம். ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள்.

இனி சிம்னியின் அளவு. பெட்டியின் மேல் மணிக்கு 1,200, 1,500 கன மீட்டர் காற்றை உறிஞ்சும் என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். ஒரு கணக்குப் போடுங்கள். 12 அடிக்கு 10 அடி அறை, 10 அடி உயரம் என்றால் கொள்ளளவு சுமார் 34 கன மீட்டர். மணிக்கு 15 முறை காற்று மாற வேண்டும் என்று வைத்தாலும் 510 கன மீட்டர்தான் வருகிறது. ஆக, எண் போதாமல் யார் வீட்டிலும் புகை தேங்குவதில்லை. குழாயைக் குறுக்கி, மூன்று இடத்தில் வளைத்து, ஜன்னல் அழகு கெடும் என்று சுற்றிச்சுற்றிக் கொண்டுபோவதால்தான் தேங்குகிறது. ஆறு அங்குலக் குழாய், முடிந்தவரை நேராக, ஒரே வளைவோடு வெளியே போகட்டும். முற்றத்தைப் பார்த்து விடாதீர்கள். நீங்கள் ஊஞ்சலில் உட்கார்ந்திருக்கும்போது வெங்காய வாசனை உங்கள் மேலேயே வந்து விழும்.

சிம்னி அடுப்பிலிருந்து 65 முதல் 75 செ.மீ. உயரத்தில் இருப்பது வழக்கம். உயரமான கொப்பரை வைத்து மூடியைத் திறக்கிற வீடு என்றால் 75-ஐ ஒட்டியே மாட்டச் சொல்லுங்கள்.

ஃப்ரிட்ஜை மறைப்பது

நவீன ஃப்ரிட்ஜ் பழைய பாணியைக் கெடுக்கிறது என்று அதை ஆசாரியிடம் சொல்லி மரப்பெட்டிக்குள் அடைக்கிறார்கள். சாதாரண ஃப்ரிட்ஜ்கள் பலவற்றில் வெப்பம் இரண்டு பக்கச் சுவர்கள் வழியாகத்தான் வெளியேறும். கையை வைத்துப் பார்த்தாலே தெரியும். அடைத்துவிட்டால் கம்ப்ரசர் ஓயாமல் ஓடும். மின்கட்டணமும் ஏறும், ஆயுளும் குறையும். மறைத்தே ஆக வேண்டும் என்றால் அதற்கென்று செய்த, உள்ளடங்கும் வகை ஃப்ரிட்ஜை வாங்குங்கள். அல்லது, ஃப்ரிட்ஜைச் சமையலறைக்கு வெளியே, சாப்பாட்டுக்கூடத் திருப்பத்தில் வைத்துவிடுங்கள்.

ரெட்ரோ ஃப்ரிட்ஜ் என்று வட்ட முனையும் வெளிர்ப்பச்சை நிறமுமாக வருபவை பார்க்க நன்றாகத்தான் இருக்கும். விலை இரண்டு மூன்று மடங்கு, உள்ளே இடம் குறைவு. வெளிநாட்டுத் தயாரிப்பு என்றால் எந்தத் தட்பவெப்பத்துக்குச் செய்தது என்று பின்பக்கத் தகட்டில் பாருங்கள். வெப்பமண்டல வகை 43 டிகிரி வரை தாங்கும். மித வகை 32 டிகிரியோடு நின்றுவிடும். வேலூரிலோ திருச்சியிலோ இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. இட்லி மாவு வைக்கும் தூக்கு எந்தத் தட்டில் நுழையும் என்றும் அங்கேயே அளந்துவிடுங்கள்.

கிரைண்டருக்கு இடம் விடாதது

படத்தில் கிரைண்டர் இருக்காது, அதனால் திட்டத்திலும் இருக்காது. இது எனக்கு எப்போதும் வியப்பு. வாரம் இரண்டு முறை மாவு ஆட்டுகிற வீட்டில், புவிசார் குறியீடு வாங்கிய கோவை வெட் கிரைண்டருக்கு இடமில்லாமல், வருஷத்துக்கு இரண்டு முறை ஓடும் அவனுக்கு நடு இடம். மேசைக் கிரைண்டரே பத்துப் பதினைந்து கிலோவைத் தொடும். மேல் அலமாரியில் வைத்தால் இறக்க ஆள் வேண்டும். தொட்டிக்குப் பக்கத்தில், மேடையிலேயே ஒரு மூலை, அதற்கு ஒரு பிளக், கல்லைக் கழுவத் தண்ணீர் எட்டும் தூரம். இவ்வளவுதான் கேட்கிறது. சாய்த்து ஊற்றும் வகை என்றால் முன்பக்கம் சாய இடம் விட வேண்டும்.

மிக்சிக்கும் மேடையிலேயே நிரந்தர இடம் கொடுங்கள். பழைய அம்மியும் ஆட்டுக்கல்லும் கிடைத்தால் அலங்காரமாக நிறுத்தாமல் கழுவ வசதியான இடத்தில் போடுங்கள், துவையலுக்காவது உதவும்.

பாத்திரம் கழுவும் இயந்திரத்தைப் பற்றி ஒரே வார்த்தை: உங்கள் பித்தளை, ஈயம், இரும்பு, மண், மர அகப்பை எதையும் அதில் போட முடியாது. மிச்சமிருக்கும் ஸ்டீல் தட்டு டம்ளர் எவ்வளவு என்று எண்ணிப் பார்த்து வாங்குங்கள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கடினமாக இருந்தால் அதற்கான உப்புச் செலவும் சேரும்.

ஆர்.ஓ. சுத்திகரிப்பானும் எல்லா வீட்டுக்கும் வேண்டியதில்லை. குடிநீரில் கரைந்துள்ள உப்புகளுக்கு இந்தியத் தர நிர்ணயம் ஏற்கும் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். சிறுவாணி போன்ற நல்ல தண்ணீர் வரும் வீட்டில் ஆர்.ஓ. மாட்டுவது தண்ணீரை வீணாக்குவதுதான். முதலில் தண்ணீரைச் சோதித்துவிட்டுப் பிறகு கடைக்குப் போங்கள்.

மின்கம்பியைக் கடைசியில் யோசிப்பது

பூச்சு முடிந்த பிறகு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால் எக்ஸ்டென்ஷன் பெட்டிதான் வரும். 6 ஆம்பியர் பிளக் 230 வோல்ட்டில் தாங்குவது சுமார் 1,380 வாட். 2,000 வாட் இண்டக்‌ஷனுக்கும், அவனுக்கும், பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்கும் 16 ஆம்பியர் பிளக் தனித்தனியாக வேண்டும். எர்த் சரியாக இருக்க வேண்டும். கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் பாதுகாப்பு ஸ்விட்ச் அவசியம். பழைய பாணிக்காக உருண்டைக் கறுப்பு ஸ்விட்சுகள் போடுகிறவர்கள் அவை இந்தச் சுமையைத் தாங்குமா என்று பார்த்துப் போடட்டும். விளக்குக்கு அவை சரி, அவனுக்கு அல்ல.

தோட்டத்தைப் பார்த்துத் திறந்த சமையலறை என்றால் பல்லி, எறும்பு, எலி மூன்றும் கூடவே வரும். இண்டக்‌ஷன், மைக்ரோவேவ் போன்றவற்றின் கட்டுப்பாட்டுப் பலகையில் பல்லி புகுந்து பழுதாவது நம் ஊரில் அடிக்கடி நடப்பது. வாரண்டியில் அதற்குப் பெரும்பாலும் இடமில்லை. இந்த இரண்டையும் மட்டும் கதவு வைத்த அலமாரியில், காற்று போக வலை அடித்து வையுங்கள்.

எப்போது வாங்குவது என்பதிலும் பலர் தடுமாறுகிறார்கள். ஹாப், அவன், சிம்னி ஒவ்வொன்றுக்கும் வெட்டு அளவு மாடலுக்கு மாடல் வேறு. கடப்பா கல்லை வெட்டிவிட்டு மாடலை மாற்றினால் கல் போச்சு. அதனால் ஆசாரி வேலை தொடங்கும் முன்பே மாடலை முடிவு செய்து, பொருத்தும் அளவுத் தாளை வாங்கி அவர் கையில் கொடுங்கள். ஆனால் பில் போட அவசரப்பட வேண்டாம். வாரண்டி பில் தேதியிலிருந்து ஓடத் தொடங்கும். கட்டட வேலை ஆறு மாதம் இழுத்தால் அந்த ஆறு மாதம் பெட்டிக்குள்ளேயே கழிந்துவிடும். முன்பணம் கொடுத்து மாடலைப் பிடித்து வைத்து, கிரகப்பிரவேசத்துக்கு இரண்டு மூன்று வாரம் இருக்கும்போது பில் போடக் கடைக்காரர்கள் பலர் ஒத்துக்கொள்வார்கள். அந்த மாடல் நின்றுபோனால் பணம் திரும்பி வருமா என்பதை மட்டும் ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.