கண்ணை மேலே ஏற்றினால் உடம்பு தளரும்

நாள் முழுக்க மலையில் கொழுந்து எடுத்துவிட்டு வந்தும் தூக்கம் பிடிக்காதவர்கள் இதைச் செய்து பாருங்கள். காம்பராவில் மல்லாந்து படுத்து, தலையை அசைக்காமல், கூரைத் தகரத்தில் தலைக்குப் பின்னால் இருக்கும் ஆணியைப் பார்ப்பது போலக் கண்ணை மட்டும் உயர்த்துங்கள். பார்வையை இறக்காமலே இமையை மெதுவாக மூடி, மூச்சை இழுத்துக் கொஞ்சம் பிடித்து, விடும்போது கண்ணையும் தளர விடுங்கள். இமை படபடக்கும், பரவாயில்லை. அப்புறம் 'தோள் இளகுது, கால் இளகுது' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருங்கள்.

1840களில் ஸ்கொட்லாந்து வைத்தியர் ஜேம்ஸ் பிரெய்ட், இதே மாதிரி நெற்றிக்கு மேலே மினுங்கும் பொருளைப் பார்க்கவைத்துத்தான் ஆட்களை ஹிப்னாடிச மயக்கத்துக்குக் கொண்டுபோனார். மந்திரமெல்லாம் இல்லை, கண் களைக்கும், கவனம் ஒரே இடத்தில் நிற்கும், அவ்வளவுதான். சிலருக்குச் சட்டென்று பிடிபடும், சிலருக்கு ஒன்றுமே ஆகாது. கண் வலித்தால் விட்டுவிடுங்கள். ஹட்டன் ரோட்டு வளைவில் வண்டி ஓட்டும்போது வேண்டவே வேண்டாம்!